இரண்டாம் அறையின் சுவர்

அலுவலகத்தில் எல்லோரும் அவரை டெசிபல் என்று கூப்பிட்டார்கள். பெயர் வைத்தவர் ஒரு கொத்தனார். கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு இவர் வந்துவிட்டால் எத்தனை டெசிபல் என்பதைத் தவிர வேறு பேச்சு ஓடாது. ஒருநாள் அந்தக் கொத்தனார் முதலாளியைத் தொலைபேசியில் அழைத்து, "டெசிபல் மேடம் வந்து சுவரை இடிக்கச் சொல்றாங்க சார்" என்றார். ஒரு வாரத்தில் மேடம் உதிர்ந்துபோனது. மற்றது இருபத்திரண்டு வருடமாக நிற்கிறது.

டெசிபலுக்கு இடது காது கேட்காது. ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து போனபோது அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சத்தம் அளக்கும் வேலையில் இரண்டு வருடம் இருந்த பிறகுதான் முதலாளிக்கு இது தெரிந்தது. அவர் இடது பக்கம் நின்று பத்து நிமிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டு, "என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். "எதைப் பத்தி சார்?" என்றார் டெசிபல். பிறகு உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. "கேக்குறது மீட்டர் சார். நான் எழுதுறதோட சரி." முதலாளி யோசித்தார். மீட்டருக்கும் ஒரே ஒரு மைக்தான் இருந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர் இந்த வேலைக்கென்று வந்தவர் அல்ல. வரைபடம் வரையச் சேர்ந்தவர். அந்தச் சமயத்தில் அலுவலகம் ஒரு பள்ளிக்கு அரங்கம் கட்டிக் கொடுத்திருந்தது. பளிங்குத் தரை, சுவர் முழுக்கக் கண்ணாடி, அண்ணாந்து பார்க்க வேண்டிய கூரை. திறப்பு விழாவில் தலைமையாசிரியை இருபது நிமிடம் பேசினார். ஒரு சொல் யாருக்கும் புரியவில்லை. சத்தம் போதாமல் இல்லை. ஒவ்வொரு சொல்லும் சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி அடுத்த சொல்லின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. பள்ளி நிர்வாகம் இன்னும் நாலு ஒலிபெருக்கி வைத்தது. முன்பு அரங்கத்துக்குள் மட்டும் புரியாமல் இருந்தது, இப்போது தெருமுனை வரைக்கும் புரியவில்லை.

புகாரை நேரில் பார்க்க ஓர் ஆள் போக வேண்டும். அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட நாலு பேருக்கும் அன்றைக்கு உடம்பு சரியில்லை. கையெழுத்துப் போடாதவர் இவர் ஒருவர்தான். போனார். காலி அரங்கத்தின் நடுவில் நின்று ஒரு தரம் கை தட்டினார். அந்தத் தட்டல் அடங்க ஐந்து விநாடி ஆனது. அதற்கு முழக்க நேரம் என்று ஒரு பெயர் இருக்கிறது, பேசுகிற இடத்தில் அது ஒரு விநாடியை ஒட்டி இருந்தால் போதும், அதைக் கட்டுவதற்கு முன்பே காகிதத்தில் கணக்குப் போட்டுவிடலாம் என்பதையெல்லாம் நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொண்டார். பின்சுவரிலும் கூரையிலும் துணி போர்த்திய பஞ்சுப் பலகைகளைப் பதிக்கச் சொன்னார். பதித்தார்கள். அடுத்த விழாவில் தலைமையாசிரியை பேசியது கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது. பழைய ஏற்பாடே பரவாயில்லை என்று மாணவர்கள் சொன்னதாகக் கேள்வி. முதலாளி ஒரு மீட்டர் வாங்கி அவர் மேசையில் வைத்தார்.

டெசிபலின் கணவருக்கு அச்சகத்தில் வேலை. முப்பது வருடமாக இயந்திரங்களுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. உப்பு எங்கே என்று அவர் கேட்டால் பக்கத்து வீட்டில் எடுத்துக் கொடுக்க எழுந்திருப்பார்கள். டெசிபல் அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. அமைதி வேண்டும்போது வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொள்வார். அந்த வீட்டில் எந்தச் சண்டையும் ஐந்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. ஒரு தரப்பு படுத்துவிடும்.

ஏழு வயது இளையவளாக ஒரு தங்கை இருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வாய் திறக்காத மனிதர். நாலு பேர் கூடும் இடத்தில் ஓரமாக ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்து, யார் என்ன பேசினாலும் சிரிப்பார். "தங்கமான மனுஷன், இருக்கிற இடமே தெரியாது" என்று சொந்தத்தில் எல்லோரும் சொல்வார்கள். டெசிபலும் சொல்லியிருக்கிறார். சத்தம் அளக்கிற தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

போன வருடம் குடும்ப ஆலோசனை மையம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. நீளமான தாழ்வாரம், அதில் காத்திருப்பவர்களுக்கு பெஞ்சுகள், மூலையில் இரைகிற ஒரு பெரிய ஏர்கூலர், பெஞ்சுக்கு எதிரே வரிசையாக நாலு ஆலோசனை அறைகள். முதல் அறைக்கும் இரண்டாம் அறைக்கும் நடுவே கோப்புகள் அடுக்கிய ஒரு சின்ன அறை. மையத்தின் மேலாளர், கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்ட ஓர் அம்மாள், விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்.

"உள்ளே நடக்கறதைவிட வெளியில பெஞ்சுலதான் மேடம் அதிகமா ஆலோசனை நடக்குது."

முந்தின வாரம் ஒன்றாம் அறையில் ஒருவர், தான் மாதத்துக்கு ஒரு நாள்தான் குடிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சிலிருந்து அவர் மாமியார், "எந்த மாசத்துல?" என்று கேட்டார். நாலாம் அறையில் கல்யாணத் தேதி என்ன என்று கேட்டதற்குக் கணவன் யோசித்துக்கொண்டிருந்தபோது, வெளியிலிருந்து தேதி வந்தது. சொன்னவர் உறவினர்கூட இல்லை. போன தடவை வந்தபோது காதில் விழுந்ததை நினைவில் வைத்திருந்தவர்.

அறைகளைப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தக்காரரும் வந்திருந்தார். சுவர் முழுக்க அவர் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டியிருந்தார்.

"சவுண்ட் ப்ரூஃப் பண்ணியாச்சு மேடம். கையைத் தட்டிப் பாருங்க, அங்கேயே செத்துடும்."

டெசிபல் தட்டினார். செத்தது.

"உள்ளே நல்லாத்தான் இருக்கு. வெளியே போறது?"

"அதான் பஞ்சு இருக்கே."

"பஞ்சு உள்ளே எதிரொலிக்காம பார்த்துக்கும். வெளியே போறதை நிறுத்தாது. உறிஞ்சறது வேற, தடுக்கறது வேற. ஓட்டை வாளிக்குள்ளே துண்டை விரிச்சு வெச்சா தண்ணி நிக்குமா?"

"அப்ப தடுக்கறதுக்கு என்னதான் வேணும்?"

"கனம் வேணும். சந்து இருக்கக் கூடாது."

ஏணி போட்டு ஏறி, பொய்க்கூரையில் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தார். அறைச் சுவர் பொய்க்கூரைக்கு ஒரு விரல் மேலே போய் நின்றுவிட்டிருந்தது. அதற்கு மேல் உண்மையான கூரை வரை இரண்டடி வெற்றிடம், எல்லா அறைகளுக்கும் பொதுவாக. கீழே நாலு குடும்பங்கள் தனித்தனியே பிரிந்துகொண்டிருந்தன. மேலே ஒரே கூட்டுக் குடும்பம்.

"சுவர் கூரை வரைக்கும் போகணும்னு வரைபடத்துல போடலையே மேடம்."

"பாதியில நிக்கணும்னும் போடலையே."

ஒப்பந்தக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. மின்சாரப் பெட்டிகளைச் சுவரின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி வைத்திருந்தார்கள். ஒன்றின் துளையில் பேசினால் மறுபக்கம் தொலைபேசி மாதிரி கேட்டது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மீட்டர் வைத்து எடுத்ததில் ஓர் அறையின் சத்தம் அடுத்த அறைக்குப் போகும்போது இருபத்தாறு டெசிபல்தான் குறைந்தது. நாற்பத்தைந்தை ஒட்டியாவது குறைய வேண்டும்.

ஆனால் எண்களைக் காட்டினால் கையெழுத்துப் போடுகிற மேலிடத்துக்குப் புரியாது. எத்தனை வாக்கியம் வெளியே புரிகிறது என்று கேட்டு எழுதினால் புரியும். அதற்காக அடுத்த வியாழக்கிழமை மையம் நடந்துகொண்டிருக்கும்போதே கோப்பு அறையில் உட்கார்வது என்று முடிவானது. என்ன பேசுகிறார்கள் என்று எழுதக் கூடாது, எத்தனை என்று மட்டும் எழுதலாம் என்றார் மேலாளர். இன்று சத்தம் அளக்கப்படுகிறது என்று தாழ்வாரத்தில் ஓர் அறிவிப்பும் ஒட்டினார். அதை யாரும் படிக்கவில்லை.

வியாழன் காலை டெசிபல் கோப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டாம் அறைச் சுவரை ஒட்டி, வலது காது சுவர்ப்பக்கம் இருக்கும்படி முக்காலியைப் போட்டுக்கொண்டார். தாளில் மூன்று பத்திகள்: தெளிவு, அரைகுறை, இல்லை. முதலில் வந்தவர்களுக்கு முப்பத்தொரு வாக்கியம் தெளிவு, எட்டு அரைகுறை. அடுத்து வந்தவர்கள் கத்தினார்கள், எல்லாம் தெளிவு. எதையும் அவர் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. கோடு போடுவதில் கவனமாக இருந்தார்.

பதினோரு மணிக்கு மூன்றாவது ஆள் உள்ளே வந்து உட்கார்ந்து, பேசுவதற்கு முன் இரண்டு தரம் தொண்டையைச் செருமினாள். டெசிபலின் பென்சில் நின்றது. அந்தச் செருமலை அவர் முப்பத்தெட்டு வருடமாகக் கேட்டுவருகிறார்.

"அவர் வெளியில பெஞ்சுல இருக்கார். முதல்ல நான் தனியா பேசறேன் மேடம்" என்றாள் தங்கை, ஆலோசகரிடம்.

எழுந்து வெளியே போவதுதான் முறை. ஆனால் கோப்பு அறையின் கதவைத் திறந்தால் தாழ்வாரம். தாழ்வாரத்தில் பெஞ்சு. பெஞ்சில் தங்கையின் கணவர். அறைக்கு வேறு வழி கிடையாது. டெசிபல் முக்காலியிலேயே இருந்தார்.

"அவர் அடிக்கிறதில்ல, குடிக்கிறதில்ல. பின்ன என்னதான் பிரச்சினைன்னு எல்லாரும் கேக்குறாங்க. காலைல 'டீ'ங்கறார், ராத்திரி 'கதவைச் சாத்திட்டியா'ங்கறார். ஒருநாள் உக்காந்து எண்ணிப் பார்த்தேன் மேடம். ஒன்பது வார்த்தை."

"வீட்டுல யார்கிட்டயாவது சொன்னீங்களா? அம்மா, அக்கா?"

"அக்காகிட்ட சொல்ல முடியாது."

"ஏன், கோபப்படுவாங்களா?"

"கோபமெல்லாம் இல்ல, நல்லவதான். ஆனா எதைச் சொன்னாலும் பாதியிலேயே காரணத்தைக் கண்டுபிடிச்சிடுவா. மீதியைச் சொல்ல விடமாட்டா. நான் இதுவரைக்கும் ஒரு விஷயத்தையும் அவகிட்ட சொல்லி முடிச்சதே இல்ல மேடம்."

இடது காதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வலது காதில் விரலை வைத்திருந்தால் ஒன்றும் கேட்டிருக்காது. அதை முதல் வாக்கியத்திலேயே செய்திருக்கலாம். டெசிபல் பன்னிரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகுதான் செய்தார். தெளிவு என்ற பத்தியில் அதுவரை பன்னிரண்டு கோடுகள் விழுந்திருந்தன. கை தன்பாட்டுக்குப் போட்டிருக்கிறது.

பிறகு முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். எதிர் அலமாரியில் கோப்புகள் வருடவாரியாக இருந்தன. முதலில், அப்படியெல்லாம் இல்லை, நான் அவளைப் பேச விட்டிருக்கிறேன் என்று தனக்குள் வாதாடினார். எப்போது என்று தேடினார். தேர்வில் தோற்று வந்து நின்றபோது, வேறு பாடம் எடுத்திருக்க வேண்டும் என்று சொன்னார். கரு கலைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஓய்வு போதவில்லை என்று சொன்னார். இரண்டும் சரியான காரணங்கள். அவள் சொல்ல வந்தது என்ன என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வரவில்லையா, அல்லது கேட்கவே இல்லையா என்றும் தெரியவில்லை. விரல் மரத்துப்போனது. எடுக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு வெளியே வந்தவரைப் பார்த்து மேலாளர், "முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கே?" என்றார்.

"தூசி" என்றார் டெசிபல். "ரெண்டாம் ரூமுக்கு அடுத்து எப்போ ஆள் வராங்க?"

"வேலைக்காக அந்த ரூமை எப்ப வேணா மூடிக்கலாம் மேடம். வியாழக்கிழமை மட்டும் வேணும். அன்னிக்கு அதே ஆளுங்கதான் தொடர்ந்து வராங்க."

அறிக்கை அன்று மாலையே போனது. நாலு அறைக்கும் சேர்த்து மூன்று வாரம் ஆகும் என்றார் ஒப்பந்தக்காரர். மற்றதற்கு மூன்று மாதம்கூட எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் அறை புதன்கிழமைக்குள் முடிய வேண்டும் என்றார் டெசிபல்.

"அப்படி என்ன மேடம் அந்த ரூமுக்கு மட்டும் அவசரம்?"

"அங்கேதான் அதிகமா கேக்குது."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அங்கேயே நின்றார். சுவரை உண்மையான கூரை வரை உயர்த்தி, இரண்டு பக்கமும் இரட்டைப் பலகை அடித்து, நடுவில் பாறைப் பஞ்சு திணித்து, விளிம்பெல்லாம் பசை பூசினார்கள். மின்சாரப் பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். உள்ளீடற்ற பழைய கதவுக்குப் பதிலாகக் கனமான கதவு, சுற்றிலும் ரப்பர், மூடினால் தரையைத் தொடும் ஒரு பட்டை. திங்கட்கிழமை தாழ்வார விளக்கை அணைத்துவிட்டு உள்ளே ஒப்பந்தக்காரரைக் கைவிளக்கோடு நிறுத்தி, டெசிபல் வெளியே முட்டி போட்டுக் கதவைச் சுற்றிப் பார்த்தார். வெளிச்சம் கசிகிற இடத்தில் சத்தமும் கசியும். கீழ்மூலையில் ஒரு நூல் வெளிச்சம் தெரிந்தது. கதவைக் கழற்றி மறுபடி மாட்ட வைத்தார். ஒப்பந்தக்காரர் உள்ளே இருந்தபடி ஏதோ சொன்னார். அது வெளியே கேட்கவில்லை என்பதால் வேலை சரியாக நடக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை மீட்டர் வைத்து எடுத்ததில் சத்தம் நாற்பத்தைந்து குறைந்தது. பத்து குறைந்தாலே காதுக்குப் பாதியாகத் தெரியும். இது முன்பு குறைந்ததைவிடப் பத்தொன்பது அதிகம். எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே ஆலோசகரைச் செய்தித்தாள் படிக்கச் சொல்லிவிட்டுத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார். எங்கோ கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி இருந்தாலும் இடையிடையே ஒரு சொல் பிடிபட்டது. எழுந்து கதவைச் சுற்றி மறுபடி பார்த்தார். சந்து எங்கேயும் இல்லை. பிறகுதான் தாழ்வாரமே வழக்கத்துக்கு மாறாக இருப்பது உறைத்தது.

"மேடம், இங்கே ஒரு பெரிய கூலர் ஓடிட்டு இருந்துச்சே?"

"எடுத்துட்டேன்" என்றார் மேலாளர் பெருமையாக. "சத்தத்தைக் குறைக்க நீங்க இவ்வளவு பாடுபடறீங்க. எங்க பங்குக்கு நாங்களும் செய்ய வேணாமா?"

தாழ்வாரம் ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு அமைதியாகிவிட்டதால், மிச்சம் வருகிற சொல்கூட மேலே தெரிந்தது. அந்த மிச்சத்தைப் போர்த்த ஒரு போர்வை வேண்டும். சத்தத்தைக் குறைக்க வந்தவர் சத்தம் கேட்டு மேலாளரிடம் மன்றாடினார். கூலரைக் கிடங்கிலிருந்து இறக்கி வந்து ஓட விட்டார்கள். ஆலோசகர் மறுபடி படித்தார். ஒரு சொல்லும் இல்லை.

வியாழக்கிழமை டெசிபல் மையத்துக்குப் போகவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரே கோட்டை மூன்று தரம் வரைந்தார். பன்னிரண்டரைக்கு மேலாளரை அழைத்தார்.

"ரெண்டாம் ரூம்ல ஏதாவது கேட்டுதா?"

"என்னது? சத்தமா சொல்லுங்க, கூலர் ஓடுது!"

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் தங்கை தனியாக வீட்டுக்கு வந்தாள். டெசிபலின் கணவர் வரவேற்றது தெருவுக்கே தெரிந்தது. அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு அக்காவும் தங்கையும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். தங்கை இரண்டு தரம் செருமினாள்.

"அக்கா, நான் தனியா வீடு பார்த்திருக்கேன்."

டெசிபலிடம் காரணங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாக விழுங்கினார். "ம்" என்றார்.

தங்கை சொன்னாள். ஒன்பது வார்த்தையைச் சொன்னாள். போன மாதம் நடந்ததைச் சொன்னாள். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று ஒரு பெண்மணி மாட்டிக்கொண்டாராம். இவள் கணவர் கதவுக்கு வெளியே நின்று, பழுது சரியாகும் வரை நாற்பது நிமிடம் அவரோடு பேசிக்கொண்டே இருந்தாராம். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், எந்த நிறம் பிடிக்கும் என்றெல்லாம். அந்தப் பெண்மணி கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்தபோது தற்செயலாகச் சொன்னார்.

"நாப்பது நிமிஷம்க்கா. எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியல. கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாத்தான் பேசுவார் போல."

டெசிபல் மறுபடி "ம்" என்றார். தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னக்கா, நீ இன்னும் ஒண்ணும் சொல்லலையே? உடம்பு சரியில்லையா?"

மறைத்துவிட்டிருக்கலாம். பன்னிரண்டு கோடுகளும் அலுவலக அலமாரியில் பெயரில்லாமல்தான் இருந்தன. டெசிபலால் முடியவில்லை.

"நீ மையத்துக்குப் போனப்போ பக்கத்து ரூம்ல நான் இருந்தேன். சத்தம் அளக்கப் போயிருந்தேன். நீ பேசினது கேட்டுது."

தங்கையின் முகம் மாறியது. "எவ்வளவு?"

"பன்னிரண்டு வாக்கியம்."

"எண்ணினியா?"

"அதுதான் வேலை. அப்புறம் காதை அடைச்சுக்கிட்டேன். முதல்லயே அடைச்சிருக்கணும். தப்புதான்."

தங்கை பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எதிரே பழத்தோடு வந்த அச்சகக்காரர், "ஏம்மா, வந்தவுடனே கிளம்பிட்டே?" என்று கேட்டது கேள்வியாக இல்லாமல் பொது அறிவிப்பாக இருந்தது.

மூன்று வாரம் பேச்சில்லை. டெசிபல் இரண்டு தரம் அழைத்தார்; எடுக்கவில்லை. மூன்றாவது தரம் அழைக்காமல் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய், வாடிக்கையாளர் மாதிரி வரிசையில் நின்றார். முறை வந்ததும் தங்கை அவரை ஏறிட்டுப் பார்த்து, எழுத்துப் பலகை முன்னால் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொன்னாள். மூன்றாவது வரியில் டெசிபல் தடுமாறினார்.

"அஞ்சு வருஷத்துக்கு முந்தியே கண்ணாடி போட்டிருக்கணும்" என்றாள் தங்கை. அதைச் சொன்னபிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மணிக்குக் கடை முடியும், இரு என்றாள்.

அன்றைக்கு அவள் புது வீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். முதலிலிருந்து மறுபடி சொன்னாள். ஆஸ்பத்திரி நாளையும் சேர்த்துச் சொன்னாள். இரண்டரை மணி நேரம் ஆனது. நடுவில் டெசிபல் ஒரே ஒரு தரம் வாயைத் திறந்தார், தண்ணீர் கேட்பதற்காக.

தங்கை இன்னும் தனியாகத்தான் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் அவள் கணவர் வருகிறார். கதவைத் தட்டிவிட்டு, திறப்பதற்குள் வெளியே நின்றே அந்த வாரக் கதையை ஆரம்பித்துவிடுகிறாராம். சில சமயம் அவள் வேண்டுமென்றே மெதுவாகப் போய்த் திறக்கிறாள். அவர்கள் சேருவார்களா என்று சொந்தத்தில் எல்லோரும் டெசிபலிடம் கேட்கிறார்கள். தெரியாது, அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்கிறார் அவர்.